முழங்கால் கதவுக் கீலா?

19 ஜனவரி 2025, பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர்

நான்காம் படிவத்தில் படிக்கும் என் மகள், முழங்கால் ஒரு கீல் மூட்டு என்று எழுதி வைத்திருக்கிறாள். பள்ளிப் புத்தகத்திலும் மலாயில் ‘செண்டி எங்செல்’, அதாவது கீல் மூட்டு என்றுதான் இருக்கிறது. என் அக்காவுக்கு முழங்கால் பயிற்சி கொடுக்க வரும் ஃபிசியோ பெண்ணோ, “வெறும் கீல் இல்லை, திரும்பவும் செய்யும்” என்கிறாள். எது சரி? மூட்டுகளில் என்னென்ன வகை என்று யாராவது தமிழில் விளங்கும்படி சொல்லுங்கள்.

20 ஜனவரி, காலை

கீல்தான். பினாங்கு ஜெலுத்தோங்கில் முப்பது வருடமாகக் கதவும் இரும்புக் கிரில்லும் செய்கிறேன், கீல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஒரே அச்சு. மடங்கும், நீளும், வேறொன்றும் செய்யாது. முழங்காலும் அதைத்தானே செய்கிறது? மூட்டு நோய்க்கே நம்மவர்கள் கீல்வாதம் என்றுதான் பெயர் வைத்தார்கள். மகள் எழுதியது சரி, ஃபிசியோ பெண் குழப்புகிறாள்.

வகை என்று கேட்டால், இரண்டு எலும்புக்கு நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள், மூன்றாகப் பிரிந்துவிடும். நடுவே நார் இருந்தால் நார் மூட்டு. மண்டையோட்டுத் துண்டுகளை இணைக்கும் தையல்கள் இந்த வகை. குருத்தெலும்பு இருந்தால் குருத்தெலும்பு மூட்டு. முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகள், இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் முன்னால் சேரும் இடம். மூன்றாவதில் இரண்டு எலும்பும் ஒட்டியிருக்காது. நடுவே இடைவெளி, சுற்றிலும் ஒரு உறை, உறைக்குள் வழவழப்பான திரவம், எலும்பு முனைகளில் மெல்லிய குருத்தெலும்புப் பூச்சு. இதைத்தான் சைனோவியல் மூட்டு என்கிறார்கள். முதலாவது அசையாது, இரண்டாவது கொஞ்சம் அசையும், மூன்றாவது நன்றாக அசையும்.

கீல், பந்துக்கிண்ணம், முளை, சேணம், வழுக்கு, முண்டு எல்லாம் அந்த மூன்றாவதன் உட்பிரிவு. முழங்கை கீல். தோளும் இடுப்பும் பந்துக்கிண்ணம். கழுத்தின் மேல் இரண்டு எலும்பு முளை. கட்டைவிரலின் அடி சேணம். மணிக்கட்டின் பொடி எலும்புகளுக்குள் வழுக்கு. கையை மூடினால் துருத்தும் முட்டிகள் முண்டு. முடிந்தது.

20 ஜனவரி, இரவு

முடியவில்லை. காலையில் அவசரத்தில் ஒன்றைத் தப்பாக எழுதிவிட்டேன். நார் என்றால் அசையாது, குருத்தெலும்பு என்றால் கொஞ்சம் அசையும் என்று நேர்கோடு போட முடியாது. கணுக்காலுக்குச் சற்று மேலே கெண்டைக்காலின் இரண்டு எலும்பையும் கட்டி வைத்திருப்பது நார்தான், ஆனால் பாதத்தை மேலே தூக்கும்போது அது துளி விரிந்து கொடுக்கும். முதல் விலா எலும்பு நெஞ்செலும்போடு சேருமிடம் குருத்தெலும்பு, அது அநேகமாக அசைவதே இல்லை. எதனால் ஆனது என்பது ஒரு கணக்கு, எவ்வளவு அசைகிறது என்பது வேறு கணக்கு. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும், எப்போதும் இல்லை.

இன்னொன்று: பல்லும் தாடையும் சேரும் இடம்கூட நார் மூட்டுக் கணக்கில்தான் வருகிறது. பல் தாடைக் குழிக்குள் சிமெண்டு போட்டு நட்ட கம்பம் மாதிரி நிற்கவில்லை. சுற்றிலும் பொடி நார்கள் பிடித்துத் தொங்கவிட்டிருக்கின்றன. முறுக்கைக் கடிக்கும்போது பல் மயிரிழை இறங்கி ஏறும்.

23 ஜனவரி

சரி, நான் தோற்றேன். ஃபிசியோ பெண் சொன்னதுதான் சரி.

என் முழங்காலைப் பார்க்கும் ஃபிசியோவும் ஒரு சின்னப் பெண்தான். நேற்று அவளிடம் இந்தச் சண்டையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, “அங்கிள், நாற்காலியில உட்காருங்க. காலை மடக்கி, குதிகாலைத் தரையில வச்சுக்கிட்டு, தொடையை ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிங்க. இப்ப பாதத்தை உள்ளயும் வெளியவும் திருப்புங்க” என்றாள். திருப்பினேன். தொடை அசையவில்லை, கெண்டைக்கால் திரும்புகிறது. அடுத்து காலை நேராக நீட்டித் திருப்பச் சொன்னாள். இப்போது இடுப்போடு சேர்ந்து மொத்தக் காலும் திரும்புகிறதே தவிர, முழங்காலில் ஒன்றும் இல்லை. மடக்கினால் திரும்பும், நீட்டினால் பூட்டிக்கொள்ளும்.

பூட்டு என்பது வெறும் பேச்சு இல்லை. காலை நீட்டி முடிக்கப் போகும் கடைசிக் கட்டத்தில், கெண்டைக்கால் எலும்பு ஏறக்குறைய 10 டிகிரி வெளிப்பக்கம் திரும்பி, திருகாணி இறுகுவது போல உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் வரிசையில் அரைமணி நேரம் நின்றாலும் தொடைத் தசை அவ்வளவாகச் சோர்வதில்லை. மறுபடி மடக்க வேண்டுமென்றால் முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்னத் தசை அந்தத் திருகை அவிழ்க்க வேண்டும். பள்ளியில் சபை கூடும்போது முன்னால் நிற்கிறவன் முழங்காலுக்குப் பின்னால் ஒரு தட்டுத் தட்டுவோமே, பொத்தென்று மடங்கி விழுவானே, நாம் அவிழ்த்தது அந்தப் பூட்டைத்தான். தட்டியதற்குத் தலைமையாசிரியரிடம் நான் வாங்கியது தனிக் கதை.

25 ஜனவரி

இரண்டு நாளாக இதே யோசனை. கீல் இல்லை என்றும் விட மனம் வரவில்லை.

வாசல் கதவுக் கீலில் நடுவே ஒரு ஊசி. கதவு எவ்வளவு திறந்தாலும் ஊசி இருந்த இடத்திலேயே இருக்கும். முழங்காலில் ஊசி கிடையாது. தொடை எலும்பின் அடி முழு வட்டம் இல்லை, பின்னால் போகப் போக வளைவு இறுகும். மடக்கும்போது அது கீழ் எலும்பின் தட்டையான தலைமேல் உருளவும் செய்கிறது, சறுக்கவும் செய்கிறது. அச்சு நகர்ந்துகொண்டே இருக்கிறது. உள்ளே பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போகும் இரண்டு தசைநார்கள் அதை வழுக்கி விழாமல் பிடித்திருக்கின்றன. பந்து விளையாடுகிறவர்களுக்கு அறுந்து போகும் ஏசிஎல் அந்த இரண்டில் ஒன்று.

இன்று காலை பட்டறையில் ஒரு சமையலறை அலமாரிக்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்தேன். அலமாரிக்கு வெளியில் தெரியாத உள்கீல் போடுவோம், தெரியுமா? கதவில் வட்டமாகக் குடைந்து பதிப்பது. அதிலும் ஒற்றை ஊசி கிடையாது. குட்டித் தகடுகள் குறுக்கே வேலை செய்யும், கதவு முதலில் கொஞ்சம் வெளியே வந்து, பிறகுதான் திரும்பும். அச்சு நகரும் கீல்! கையில் வைத்துக்கொண்டு பத்துத் தடவை திறந்து மூடினேன். பையன், “அண்ணே, அது சரியாத்தான் இருக்கு” என்றான். முழங்காலைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை.

ஆகவே என் திருத்தப்பட்ட தீர்ப்பு: முழங்கால் கீல்தான், ஆனால் வாசல் கதவுக் கீல் இல்லை, அலமாரிக் கீல். முழங்கையை வேண்டுமானால் வாசல் கதவுக்கு விட்டுவிடுகிறேன்.

(தசைநாரைத் தகடாக நினைத்துக்கொள்வது ஒரு மாதிரிக்குத்தான். நிஜத்தில் அது முறுக்கும், தளரும்.)

2 பிப்ரவரி

மலாயில் பந்துக்கிண்ண மூட்டை ‘செண்டி லெசுங்’ என்கிறார்கள் என்று மகள் புத்தகத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். லெசுங் என்றால் உரல். சம்பால் இடிக்கும் அதே உரல். கன்னத்தில் விழும் குழிக்கு ‘லெசுங் பிப்பிட்’, சிட்டுக்குருவி உரல் என்று சொல்வார்கள், அதுவும் இதே சொல். ‘செண்டி’ நம் சந்திதான். எங்செல் டச்சுக்காரன் விட்டுப் போனது. ஆக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதும் ‘செண்டி எங்செல்’ சமஸ்கிருதமும் டச்சும் கலந்த கூட்டு.

உரலைப் பார்த்ததும் எனக்குச் சுசுருத சம்ஹிதை என்ற பழைய வைத்திய நூல் ஞாபகம் வந்தது. அதில் உடம்பில் 210 மூட்டு, அவை எட்டு வகை என்று கணக்குச் சொல்லியிருக்கிறது. அதில் ஒரு வகை ‘உலூகலம்’. சமஸ்கிருதத்தில் உலூகலம் என்றாலும் உரல்தான்! அக்குள், இடுப்பு, பல் மூன்றையும் அந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள். பல்லை யோசித்துப் பாருங்கள், குழிக்குள் நிற்பதால் உரல் உலக்கைக் கணக்கு. இன்றைய பாடத்தில் பல்லும் இடுப்பும் வேறு வேறு அறை, அங்கே ஒரே அறை. அவர்கள் வடிவத்தைப் பார்த்தார்கள், இவர்கள் நடுவில் இருக்கும் பொருளைப் பார்க்கிறார்கள். தாடைக்கு அங்கே ‘காக்கை மூக்கு’ என்று தனி வகை, மண்டையோட்டுக்குத் ‘தைத்த தையல்’.

தையல் என்றதும் என் மனைவி சொன்னது: “மூட்டுறதுன்னாலே தைக்கிறதுதானே?” அட, ஆமாம். கைலி வாங்கினால் இரண்டு ஓரத்தையும் மூட்டித்தானே கட்டுகிறோம். மூட்டாத கைலி என்று கடையில் கேட்கிறோமே. நாற்பது வருடம் கைலி கட்டியும் எனக்கு இது உறைக்கவில்லை.

ஆனால் எல்லா உரலும் ஒரே ஆழம் இல்லை. இடுப்பு நல்ல ஆழமான உரல், தொடை எலும்பின் தலையைக் கவ்விப் பிடித்திருக்கும், லேசில் நழுவாது. தோள் உரலே இல்லை, தட்டு. பெரிய பந்துக்குச் சின்னத் தட்டு. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது, அதனால்தான் பெரிய மூட்டுகளிலேயே அதிகம் நழுவுவதும் அதுவாக இருக்கிறது.

12 பிப்ரவரி

நேற்று தைப்பூசம். தண்ணீர்மலையில் 513 படி. பால்குடத்தோடு ஏறினேன், இறங்கினேன். ஏறியதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, எல்லோரும்தான் ஏறுகிறார்கள். இறங்கும்போதுதான் கைப்பிடிக் கம்பியைத் தேடினேன்.

செயற்கை முழங்காலுக்குள் அளவுக்கருவி வைத்து, உயிருள்ள மனிதர்களை நடக்கவிட்டு அளந்திருக்கிறார்கள். சமதரையில் நடந்தால் மூட்டின்மேல் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு பாரம். படி ஏறினால் மூன்று மடங்குக்குச் சற்று மேல். இறங்கினால் ஏறக்குறைய மூன்றரை. நான் 82 கிலோ. ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒற்றை முழங்காலில் 280 கிலோவுக்கு மேல். மலையை விட்டு இறங்கி ஓரமாக உட்கார்ந்து இதைக் கணக்குப் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம்.

இந்தக் கால் கெட்டது என் தப்பால். அதைச் சொல்லிவிடுகிறேன், கேட்டவரின் அக்காவுக்கு உதவும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் வலது முழங்கால் வீங்கியது. ஒரு கிளினிக்கில் படம் எடுத்து, “தேய்ஞ்சு போச்சு, மாடி ஏறாதீங்க” என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தேய்ந்தது என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் புரிந்தது இரும்பு. தேய்ந்த கீலை எவ்வளவு குறைவாக ஆட்டுகிறோமோ அவ்வளவு நாள் வரும். கதவை மெதுவாகத் திற, தேவையில்லாமல் திறக்காதே. வாடிக்கையாளர்களிடம் நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அதையே காலுக்குச் செய்தேன். மூன்று மாதம் பட்டறையில் முக்காலி போட்டு, காலை இன்னொரு முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்து, பையன்களை ஏவிக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் கழித்து எழுந்தால் வலி இரண்டு மடங்கு. வலது தொடை இடது தொடையைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி இளைத்திருந்தது. கால்சட்டை ஒரு பக்கம் தொளதொளவென்று இருந்தது.

ஃபிசியோ பெண் முதல் நாள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “அங்கிள், குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. அது எப்படிச் சாப்பிடும்னு நினைக்கிறீங்க?” பாத்திரம் தேய்க்கும் பஞ்சை ஊறவைத்துக் கையில் கொடுத்து, “அழுத்துங்க, விடுங்க” என்றாள். அழுத்தினால் நீர் வெளியே போகிறது, விட்டால் உள்ளே வருகிறது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் குருத்தெலும்புக்குச் சாப்பாடு. பாரம் விழுந்து எழுந்து, விழுந்து எழுந்துதான் அது உள்ளே போகும். நான் மூன்று மாதம் ஓய்வு என்ற பெயரில் அதைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

அந்தத் திரவமும் குடம் குடமாக இல்லை. நல்ல முழங்காலில் ஒரு தேக்கரண்டிகூட வராது, 4 மில்லி இருந்தால் அதிகம். முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபடும். சைனோவியா என்று 16ஆம் நூற்றாண்டில் பெயர் வைத்தவர் பாராசெல்சஸ் என்ற சுவிஸ் வைத்தியர். அந்தப் பெயருக்குள் முட்டை என்ற பொருள் இருக்கிறது என்று சொல்வார்கள்.

அவள் கொடுத்த பயிற்சி பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி இறங்கி நிற்பது, ஒற்றைப் படியில் ஏறி இறங்குவது. முதல் இரண்டு வாரம் திட்டிக்கொண்டே செய்தேன். ஆறாவது வாரம் பட்டறை மாடிக்கு யாரையும் கூப்பிடாமல் நானே ஏறினேன்.

13 பிப்ரவரி

நேற்றைய குறிப்பைப் பார்த்து ஒருவர், “குருத்தெலும்பு தேய்ந்து வலிக்கிறது” என்று எழுதியிருக்கிறார். குருத்தெலும்பில் நரம்பும் கிடையாது ஐயா, அது தானாக வலிக்காது. அடியில் இருக்கும் எலும்பு, சுற்றியுள்ள உறை, உறையின் உள்சவ்வு, இவைதான் கத்துகின்றன. படத்தில் மோசமாகத் தேய்ந்த முழங்காலோடு ஒருவர் நிம்மதியாக நடப்பதும், படம் சுமாராக இருப்பவர் நொண்டுவதும் இதனால்தான்.

வீங்கிச் சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மடக்கிய கால் நீளாமல் மாட்டிக்கொண்டாலோ என் பேச்சைக் கேட்டுப் படி ஏறாதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள்.

16 பிப்ரவரி

தலையாட்டல் எந்த மூட்டு என்று கேள்வி வந்திருக்கிறது. ஆமாம் என்று மேலும் கீழும் ஆட்டுவது மண்டையோட்டுக்கும் முதல் கழுத்தெலும்புக்கும் நடுவே. இல்லை என்று பக்கவாட்டில் திருப்புவது முதல் எலும்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவே, அதுதான் முளை மூட்டு. இரண்டாவது எலும்பிலிருந்து ஒரு முளை மேலே நீட்டிக்கொண்டிருக்கும், முதல் எலும்பு வளையம் மாதிரி அதைச் சுற்றும். நாம் “சரி சரி” என்று தோள் பக்கம் சாய்த்து ஆட்டுகிறோமே, அதற்கு இந்த இரண்டும் பெரிதாக உதவாது, கழுத்தின் கீழ் எலும்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து செய்துகொடுக்கின்றன. எனக்குச் சாமான் கொடுக்கும் சீனக் கடை முதலாளி, எங்கள் தவ்கே, இருபது வருடமாக அதைப் பார்த்துவிட்டு, “வேணுமா, வேண்டாமா?” என்று கேட்கிறார்.

3 மார்ச்

நெட்டி முறித்தால் கீல்வாதம் வருமா? என் அம்மா வரும் என்று சொல்லி அடித்தே இருக்கிறார்.

வராது என்றுதான் தெரிகிறது. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க டாக்டர், இடக்கை விரல்களில் மட்டும் ஐம்பது வருடம் தினமும் நெட்டி முறித்து, வலக்கையைச் சும்மா விட்டு வைத்தார். இரண்டு கையிலும் வாதம் இல்லை என்று 1998இல் எழுதினார். சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசு 2009இல் அவருக்குக் கிடைத்தது. ஒரே ஆள், ஒரே ஜோடிக் கை, அதை நிரூபணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அம்மா கையிலிருந்த ஆதாரத்தைவிட அதிகம்.

சத்தம் எலும்பு உரசுவது இல்லை. விரலை இழுத்தால் உறைக்குள் இடம் திடீரென்று அகலும், அழுத்தம் குறையும், திரவத்தில் கரைந்திருக்கும் வாயு குமிழாகிறது. குமிழ் உடைவதுதான் சத்தம் என்று 1971இல் சொன்னார்கள். 2015இல் ஸ்கேன் இயந்திரத்துக்குள் வைத்து விரலை இழுத்துப் படம் பிடித்து, குமிழ் உண்டாவதுதான் சத்தம் என்றார்கள். அந்தச் சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை. ஒரு தடவை முறித்த விரல் இருபது நிமிடத்துக்கு மறுபடி சத்தம் போடாது, அதை நீங்களே இப்போது சோதிக்கலாம். பாதிப் பேர் ஏற்கெனவே முறித்திருப்பீர்கள்.

22 மார்ச்

கேட்டவர் வந்திருக்கிறார். மகள் சோதனையில் ‘கீல் மூட்டு’ என்று எழுதி, பக்கத்தில் ‘மடங்கியிருக்கும்போது சிறிது திரும்பும்’ என்றும் சேர்த்தாளாம். மதிப்பெண் கிடைத்ததாம். அக்காவும் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்கிறாராம்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும். முதல் நாள் நான் செய்த அதே தப்பை எலும்பு மருத்துவர்களே செய்திருக்கிறார்கள். 1951இல் சுவீடனில் வால்டியஸ் என்ற மருத்துவர் வைத்த செயற்கை முழங்கால், வாசல் கதவு மாதிரி ஒற்றை அச்சுக் கீல். அந்த மாதிரிக் கீல்கள் மடங்கின, நீண்டன, திரும்பத்தான் இடம் கொடுக்கவில்லை. திரும்ப வேண்டிய முறுக்கு எல்லாம் எலும்பில் பொருத்திய இடத்தில் போய் விழுந்து, பலருக்குக் கழன்று ஆடின. கதவில் இதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்: கீல் நன்றாக இருக்கும், கட்டையில் திருகாணி பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும். அப்புறம் 1971இல் கனடாவைச் சேர்ந்த கன்ஸ்டன் என்பவர், அச்சு நகரும்படி செய்த செயற்கை முழங்காலைப் பற்றி எழுதினார்.

போன வாரம் அலமாரிக் கீல் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போய் ஃபிசியோ பெண்ணிடம் காட்டினேன். திறந்தாள், மூடினாள், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து மறுபடி திறந்தாள்.

“இது எவ்வளவு அங்கிள்?”

“எட்டு வெள்ளி. இரண்டாக வாங்கினால் பதினைந்து.”

“நாங்க மனுஷனுக்கு மாட்டுறது ஒரு பழைய மைவி கார் விலை” என்று சொல்லிவிட்டு, கீலைத் தன் மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டாள். திருப்பிக் கேட்கவில்லை.